வீட்டு சர்வருக்கு ஒரு பேரேடு, ஒரு நாள்வழி: அமைப்பை ஆவணப்படுத்தும் முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்தபோது, வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து மாடிக்கு ஏறியவை அரிசி மூட்டையும், சான்றிதழ்கள் இருந்த பையும், கூடத்து மூலையில் நான்கு ஆண்டுகளாக ஓடி, வீட்டாரின் படங்களையும் கோப்புகளையும் வைத்து வழங்கிக்கொண்டிருந்த சிறிய கணினியான சர்வரும்தான். கேபிள்களை அவசரமாகப் பிடுங்கிப் போர்வையில் சுற்றி எடுத்துச் சென்றோம். தண்ணீர் வடிந்து மின்சாரம் திரும்பிய பிறகு அதை மீண்டும் எழுப்ப எனக்கு இரண்டு முழு நாட்கள் பிடித்தன. ஹார்டு டிஸ்க்குகளில் இருந்த குடும்பப் படங்களுக்கு ஒரு சேதமும் இல்லை. எந்த டிஸ்க் எந்தக் கேபிளில் இருந்தது, மறையாக்கம் செய்த (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாத) டிஸ்கைத் திறக்கும் சொல் எங்கே இருக்கிறது, எந்தச் சேவை எதற்கு முன்னால் எழ வேண்டும் என்பவையெல்லாம் என் நினைவில் பத்திரமாக இருப்பதாக நம்பியிருந்தேன். தேடியபோது அவை அங்கே இல்லை. இந்த வழிகாட்டி அந்த இரண்டு நாட்களுக்குப் பிறகு நான் உருவாக்கிக்கொண்ட முறையை விளக்குகிறது.

பழைய மளிகைக் கடைகளிலும் ஜவுளிக் கடைகளிலும் கணக்குப்பிள்ளையின் மேசை மேல் இரண்டு புத்தகங்கள் இருக்கும். அன்றன்று நடந்த வரவு செலவைத் தேதி வரிசையில் எழுதுவது நாள்வழி. அதிலிருந்து ஒவ்வொரு கணக்கின் நிலையையும் தனித்தனிப் பக்கத்தில் பெயர்த்து எழுதுவது பேரேடு. வீட்டு சர்வருக்கும் இவ்விரண்டும் வேண்டும், இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே கோப்பில் கலந்து எழுதினால், சில மாதங்களிலேயே எது இன்றைய நிலை, எது பழைய கதை என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

இன்னொரு நெறியையும் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எந்த மென்பொருள் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று கேட்டால் கணினியே சொல்லிவிடும். அந்தப் பதிப்பிலேயே ஏன் நிறுத்தி வைத்தோம், அந்த டிஸ்கை எந்தக் கடையில் வாங்கினோம், பின்பக்கத்து நீலக் கேபிள் சுவருக்குள் போய் எந்த அறையில் வெளிவருகிறது என்பவற்றை அது சொல்லாது. எழுதும் உழைப்பு முதலில் கணினியால் சொல்ல முடியாதவற்றுக்கே செல்ல வேண்டும்.

முதல் படி: ஏடு எங்கே இருக்க வேண்டும்

சர்வரிலேயே ஒரு விக்கி நிறுவி, அதில் எல்லாவற்றையும் அழகாக எழுதி வைப்பது பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அந்த விக்கி தேவைப்படும் நாள் சர்வர் எழாத நாளாகவே இருக்கும் என்பதால் அந்த யோசனையைக் கைவிடுங்கள். எளிய உரைக் கோப்புகளே போதும். மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு வடிவில் எழுதினால் எந்தக் கணினியிலும், எந்தக் கைபேசியிலும், இருபது ஆண்டுகள் கழித்தும் திறந்து படிக்கலாம். அந்தக் கோப்புகள் உள்ள கோப்புறையை, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் மென்பொருளான கிட் (Git) கொண்டு பராமரியுங்கள். ஒரு நகல் மடிக்கணினியிலும், ஒரு நகல் வெளியே உள்ள தனிப்பட்ட களஞ்சியத்திலும், மிக முக்கியமான சில பக்கங்கள் மட்டும் தாளில் அச்சிட்டும் இருக்கட்டும். தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, குடும்ப அட்டையும் வீட்டுப் பத்திரமும் இருக்கும் கோப்பிலேயே வைத்துவிடுங்கள். வெள்ளம் வந்தால் வீட்டில் யாரும் சொல்லாமலே முதலில் தூக்கும் கோப்பு அதுதான்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே இரண்டு நடைமுறைக் குறிப்புகள் உண்டு. கோப்புகளுக்குத் தமிழில் பெயரிட்டால், கிட் தன் இயல்பான அமைப்பில் அப்பெயர்களை எண்களாகவும் சாய்கோடுகளாகவும் காட்டும். கோட்பாத் (core.quotePath) என்ற அமைப்பை நிறுத்திவிட்டால் எழுத்துகள் ஒழுங்காகத் தெரியும். இரண்டாவது, தேடல். நம் சொற்கள் வேற்றுமை உருபு ஏற்றுத் திரிவதால், 'ரவுட்டர்' என்று தேடினால் 'ரவுட்டரில்' என்று எழுதிய வரி அகப்படாது. புள்ளியை விட்டுவிட்டு 'ரவுட்டர' என்று தேடினால் இரண்டுமே அகப்படும். இதோடு, ஒரு சொல்லுக்கு ஒரே எழுத்துக்கூட்டல் என்பதில் உறுதியாக இருங்கள். சேவைகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருளை டாக்கர் (Docker) என்று ஓரிடத்திலும் டொக்கர் என்று இன்னோரிடத்திலும் எழுதினால், நெருக்கடி நேரத்தில் பாதிக் குறிப்புகள் கண்ணில் படாமலே போய்விடும்.

இரண்டாம் படி: கையால் தொடக்கூடியவை

கணினியில் எதையும் தட்டச்சு செய்வதற்கு முன், கைபேசியோடு சர்வரின் அருகில் போய் முன்புறம், பின்புறம், மூடியைத் திறந்தால் தெரியும் உட்புறம், கேபிள்கள் ரவுட்டருக்குப் போகும் வழி ஆகியவற்றைப் படமெடுங்கள். ஒவ்வொரு கேபிளின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை எழுதிய சிறு துண்டை ஒட்டுங்கள். பேனா மை சென்னையின் வியர்வையிலும் ஈரக்காற்றிலும் கலைந்துவிடும். எழுதியதன் மேல் ஒளிபுகும் டேப்பைச் சுற்றிவிட்டால் நிற்கும்.

பிறகு ஒவ்வொரு பாகத்துக்கும் பேரேட்டில் ஒரு பத்தி எழுதுங்கள். ஹார்டு டிஸ்காக இருந்தால் கொள்ளளவு, தயாரிப்பு எண், வாங்கிய நாள், உத்தரவாதம் முடியும் நாள், கணினியில் எந்தக் கேபிளில் இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்பவை போதும். ஒரே நிறுவனத்தின் ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்க்குகள் இருந்தால், தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை டிஸ்க்கின் வெளியே தெரியும் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பழுதான டிஸ்கைக் கழற்றுகிறோம் என்று நினைத்து நல்ல டிஸ்கைக் கழற்றிவிடுவதுதான் தரவை இழப்பதற்கான மிகக் குறுகிய வழி.

சென்னையின் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கும் பாகங்களுக்குக் கடைக்காரர் கொடுக்கும் ரசீது பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாளில் இருக்கும். ஒரு அக்னி நட்சத்திரம் கடந்தாலே அந்த எழுத்துகள் மங்கத் தொடங்கிவிடும். எனவே வாங்கிய அன்றே ரசீதைப் படமெடுத்து, பாகத்தின் பத்தியோடு சேர்த்து வையுங்கள். கடையின் பெயரோடு, எந்தச் சந்தில் எத்தனையாவது மாடி என்பதையும் எழுதுங்கள். அங்கே முகவரியை விட வழியே பயன்படும்.

மின்சாரத்துக்குத் தனிப்பக்கம் தேவை. சர்வர் எந்த யூபிஎஸ்ஸில் இருக்கிறது, அதன் பேட்டரியை எப்போது மாற்றினோம், அந்த யூபிஎஸ் வீட்டு இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கிறதா இல்லையா, இன்வெர்ட்டரின் பின்னால் உள்ள மாற்றி (சுவிட்ச்) யூபிஎஸ் நிலையில் இருக்கிறதா என்பவற்றை எழுதுங்கள். பல வீட்டு இன்வெர்ட்டர்களில் இரண்டு நிலைகள் உண்டு. மின்விசிறிக்கும் விளக்குக்கும் போதுமான நிலையில், மின்சாரம் போகும் கணத்தில் ஏற்படும் இடைவெளி கணினியை மறுபடி தொடங்கச் செய்யும் அளவுக்கு நீளமாக இருக்கலாம். யாரோ வந்து பழுது பார்க்கும்போது அந்த மாற்றியை நகர்த்திவிட்டுப் போனால், அது எந்த நிலையில் இருந்தது என்பதை உங்கள் ஏடு மட்டுமே சொல்லும்.

மின்செலவையும் ஒரு வரியில் கணக்கிட்டு வையுங்கள். சராசரியாக 25 வாட் எடுக்கும் சர்வர் நாளுக்கு 0.6 யூனிட், இரண்டு மாத ரீடிங்குக்குள் சுமார் 36 யூனிட் எடுக்கும். நம் கட்டணம் படிநிலைகளில் ஏறுவதால், ஏற்கெனவே ஒரு படியின் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு இந்த 36 யூனிட் பொருட்டாகவே இருக்கும். இன்னொரு டிஸ்க் சேர்க்கலாமா என்று பின்னால் யோசிக்கும்போது இந்த வரி உதவும்.

மூன்றாம் படி: நெட்வொர்க்

வெளியிலிருந்து வரும் ஃபைபர் எந்தப் பெட்டியில் முடிகிறது, அங்கிருந்து ரவுட்டர், ரவுட்டரின் எத்தனையாவது துளையிலிருந்து சர்வர் என்று தண்ணீர்க் குழாய் வரைவது போல ஒரு படத்தைத் தாளில் வரையுங்கள். அதற்கென மென்பொருள் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். கையால் வரைந்ததைப் படமெடுத்துச் சேர்த்தால் போதும்.

அடுத்து, நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்களான ஐபி முகவரிகள். வீட்டு நெட்வொர்க்குக்கு 10.0.0.0, 172.16.0.0, 192.168.0.0 எனத் தொடங்கும் மூன்று தனிப்பட்ட தொகுதிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நான் 10.27.40.0 என்ற வரிசையைத் தேர்ந்தெடுத்து, அதன் கீழ் காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். பெரும்பாலான ரவுட்டர்கள் 192.168.0 அல்லது 192.168.1 என்ற வரிசையோடு வருவதால், உறவினர் வீட்டிலிருந்து விபிஎன் (இணையத்தின் ஊடே செல்லும் பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக நம் வீட்டுக்கு இணையும்போது இரு பக்கமும் ஒரே வரிசையாக இருந்து மோதிக்கொள்ளும். காரணத்தை எழுதவில்லை என்றால், ஒரு நாள் 'இது ஏன் இப்படி விசித்திரமாக இருக்கிறது' என்று நானே அதைப் பழையபடி மாற்றிவிடக்கூடும். ரவுட்டர் தானாக வழங்கும் முகவரிகளின் எல்லை, நிலையாக ஒதுக்கப்பட்ட முகவரிகள், அவற்றுக்குரிய கருவிகளின் மேக் முகவரிகள் (கருவியோடு வரும் வன்பொருள் எண்கள்) ஆகியவை இதே பக்கத்தில் இருக்கட்டும்.

இந்தப் பக்கத்தின் மதிப்பை நான் உணர்ந்தது, இணைய நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் பழுதான ரவுட்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துச் சென்ற அன்று. ஒதுக்கிய முகவரிகள், வெளியிலிருந்து சர்வரை அடையத் திறந்து வைத்த வழிகளான போர்ட்டுகள், வைஃபை பெயர் எல்லாமே பழைய ரவுட்டரோடு போய்விட்டன. அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை இரவு வரை நீண்டது.

உங்கள் இணைப்புக்கு நேரடியான பொது முகவரி இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் தெரியும் வெளி முகவரியும், இணையத்தில் உங்கள் முகவரியைக் காட்டும் தளம் சொல்வதும் வேறுபட்டால், நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே முகவரியைப் பகிர்கிறது என்று பொருள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் இதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டவை. அப்படியானால் போர்ட்டைத் திறந்து வைப்பதால் பயன் இல்லை. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் சேவை ஒன்றையோ, வெளியே ஒரு சிறு வாடகை சர்வரையோ நாட வேண்டும். எதை, ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது ஏட்டில் இருக்க வேண்டும்.

விளம்பரங்களைத் தடுக்கப் பை-ஹோல் போன்ற டிஎன்எஸ் சேவையை (தளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தருவது) சர்வரில் ஓட்டுபவர்கள், இப்பக்கத்தின் முதல் வரியாகவே, ரவுட்டரில் டிஎன்எஸ்ஸைப் பழைய நிலைக்கு மாற்றும் முறையை எழுத வேண்டும். சர்வர் நின்றால் வீடு முழுவதும் இணையமே போய்விட்டதாகத் தோன்றும். நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது வீட்டில் ஒருவர் இணையவழித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கலாம்.

நான்காம் படி: இயங்குதளமும் டிஸ்க்குகளும்

இங்கே கணினியே பெரும்பகுதியைச் சொல்லிவிடும். இயங்குதளப் பதிப்பு, டிஸ்க்குகளும் பிரிவுகளும், நீங்களாக நிறுவிய மென்பொருள்களின் பட்டியல், நேரம் வைத்து ஓடும் பணிகள், இயங்கும் சேவைகள் ஆகியவற்றைக் கேட்டு ஏட்டின் கோப்புறையில் எழுதும் சிறு ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் கோப்பு) ஒன்றை உருவாக்கி, வாரம் ஒருமுறை ஓடவிடுங்கள். கிட் அதில் நேர்ந்த மாற்றங்களைத் தானாகக் காட்டும். இந்தப் பட்டியல்களைக் கையால் எழுதாதீர்கள். எழுதிய மறுவாரமே அவை பொய்யாகிவிடும்.

கையால் எழுத வேண்டியவை சிலவே. லினக்ஸ் இயங்குதளம் தரும் எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) போன்ற டிஸ்க் பெயர்கள் ஒவ்வொரு தொடக்கத்திலும் மாறக்கூடியவை. எனவே, தொடக்கத்தில் இணைக்க வேண்டிய டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில், மாறாத அடையாளமான யூயூஐடி (UUID) எண்ணையே பயன்படுத்தி, அந்த எண் எந்தத் தயாரிப்பு எண்ணுள்ள டிஸ்க்குக்கு உரியது என்பதை அருகில் குறிப்பாக எழுதுங்கள். வெளியே யூஎஸ்பியில் இணைத்த டிஸ்க்குக்கு நோஃபெயில் (nofail) என்ற விருப்பத்தைச் சேர்த்தால் அதையும் எழுதுங்கள். அது இல்லாவிட்டால், அந்த டிஸ்க் இணைக்கப்படாத நாளில் கணினி சிறிது நேரம் காத்திருந்துவிட்டு அவசர நிலையில் நின்றுவிடும். வெள்ளத்துக்குப் பிறகு என் சர்வர் முதலில் நின்ற இடம் இதுதான். திரையும் விசைப்பலகையும் இணைக்காமல் இருந்ததால், அது நின்றுவிட்டது என்பதைக் கண்டுபிடிக்கவே அரை நாள் ஆயிற்று.

ஐந்தாம் படி: ஒவ்வொரு சேவைக்கும் ஒரு பக்கம்

படங்களுக்கு இம்மிச், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், திரைப்படங்களுக்கு ஜெல்லிஃபின் என்று எது இருந்தாலும், ஒவ்வொன்றின் பக்கமும் ஒரே கேள்விகளுக்கு ஒரே வரிசையில் பதில் சொல்லட்டும். இது எதற்கு, வீட்டில் யார் பயன்படுத்துகிறார்கள், எந்த முகவரியில் திறக்கும், தரவு எந்தக் கோப்புறையில் இருக்கிறது, இதற்கு முன் எது ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எப்படிப் புதுப்பிப்பது, எப்படி மீட்பது என்பவையே அவை. இறுதியாக, இதே வேலையைச் செய்யும் வேறொன்றை முயன்று கைவிட்டிருந்தால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள். மீண்டும் அதே வழியில் ஒரு வார இறுதியைத் தொலைக்காமல் அந்த வரி தடுக்கும்.

எந்தச் சேவையை எப்படி ஓட்ட வேண்டும் என்று டாக்கருக்குச் சொல்லும் டாக்கர் கம்போஸ் கோப்புகள் தம்மளவில் நல்ல ஆவணங்கள். ஆனால் இமேஜின் (சேவையின் மென்பொருள் தொகுப்பு) பதிப்பு எண்ணுக்குப் பதிலாக 'லேட்டஸ்ட்' என்று இருந்தால், அந்தக் கோப்பு உங்களிடம் எதையும் சொல்லவில்லை என்று பொருள். போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்களில் இது நேரடியான ஆபத்து. அதன் 15ஆம் பதிப்பு எழுதிய தரவுக் கோப்புறையை 16ஆம் பதிப்பு அப்படியே ஏற்றுக்கொண்டு தொடங்காது. பழைய பதிப்பில் தரவை வெளியே எடுத்துப் புதியதில் ஏற்றவோ, அதற்குரிய மேம்படுத்தும் கருவியைப் பயன்படுத்தவோ வேண்டும். எனவே பதிப்பு எண்ணை வெளிப்படையாக எழுதி, அருகில் ஒரு குறிப்புரையில் காரணத்தைச் சேருங்கள். 'இம்மிச்சின் அறிவுறுத்தல் மாறும்வரை இந்தத் தரவுத்தளத்தைத் தொடாதே' என்ற ஒரு வரி போதும்.

ஆறாம் படி: கடவுச்சொற்கள்

கடவுச்சொல்லை ஏட்டில் எழுதக் கூடாது. அது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் எழுத வேண்டும். தவறி ஒருமுறை கிட்டுக்குள் போய்விட்டால், அடுத்த மாற்றத்தில் அழித்தாலும் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். அப்போது செய்ய வேண்டியது கடவுச்சொல்லையே மாற்றுவது. சேவைகளின் இரகசியங்களைத் தனிக் கோப்பில் வைத்து, அந்தக் கோப்பைக் கிட் கவனிக்காதபடி விலக்கிவிடுங்கள். அதே கோப்பின் மாதிரி ஒன்றை, மதிப்புகள் இல்லாமல் பெயர்கள் மட்டும் இருக்கும்படி, ஏட்டில் வையுங்கள்.

இங்கேதான் நான் பெரிய பிழை செய்திருந்தேன். டிஸ்கைத் திறக்கும் சொல் என் கடவுச்சொல் பெட்டகத்தில் இருந்தது. அந்தப் பெட்டகத்தை வால்ட்வார்டன் என்ற மென்பொருள் மூலம் அதே சர்வரில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெட்டகத்தின் தரவோ மறையாக்கம் செய்த அதே டிஸ்க்கில் இருந்தது. என் கைபேசியில் அந்தச் செயலி சில நாட்களுக்கு முன்புதான் என் கணக்கிலிருந்து வெளியேறியிருந்தது (லாக் அவுட்). பழைய மடிக்கணினி ஒன்றில் ஒரு நகல் இருந்ததால் தப்பித்தேன். அந்த இரண்டு நாட்களில் ஒரு நாள் முழுவதும் இதற்கே போயிற்று. இப்போது டிஸ்க்கின் திறவுச்சொல், பெட்டகத்தின் முதன்மைக் கடவுச்சொல், காப்புநகலின் கடவுச்சொல் ஆகிய மூன்றும் தாளில் எழுதப்பட்டு, ஒட்டிய உறையில் பீரோவில் இருக்கின்றன. உறை அங்கே இருப்பது என் மனைவிக்குத் தெரியும்.

டொமைன் பெயர் (சொந்த இணைய முகவரி) வைத்திருப்பவர்கள் அதைப் பதிவு செய்த மின்னஞ்சலையும் புதுப்பிக்கும் நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: நாள்வழி

இதுவரை எழுதியது பேரேடு. நாள்வழி என்பது தேதி வரிசையில் நீளும் ஒரே கோப்பு. ஒவ்வொரு பதிவிலும் என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம், திரும்பப் பழைய நிலைக்குப் போக என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் இருக்கட்டும். என் நாள்வழியிலிருந்து ஒரு பதிவைத் தருகிறேன்: 'இரவு 10 மணி. காப்புநகல் ஓடும் நேரத்தை 9 மணியிலிருந்து அதிகாலை 3 மணிக்கு மாற்றினேன். இரவில் அம்மா தொடர் பார்க்கும்போது படம் நின்று நின்று வருகிறது என்றார். சரிப்படவில்லை என்றால் காப்புநகலின் வேகத்துக்கு வரம்பு வைத்துப் பார்க்க வேண்டும்.' கிட்டின் வரலாறு இந்த மாற்றத்தில் 9 என்பது 3 ஆனதை மட்டும் காட்டும்.

எழுதும் நேரம் முக்கியம். மாற்றிய பிறகு எழுதலாம் என்று நினைத்தால், வேலை முடிந்த நிம்மதியில் எழுதாமல் எழுந்துவிடுவோம். முதலில் செய்யப்போவதை எழுதுங்கள், பிறகு செய்யுங்கள், முடிவை அதன் கீழே ஒரு வரியாகச் சேருங்கள். தோல்வியடைந்த முயற்சிகளையும் அப்படியே விட்டுவையுங்கள். மாற்றம் நிலைத்துவிட்டது என்று தெரிந்த பிறகு, அதைப் பேரேட்டின் உரிய பக்கத்தில் பெயர்த்து எழுதுங்கள்.

எட்டாம் படி: வீட்டாருக்கான ஒரு பக்கம்

பகுதிவாரியாக அறிவிக்கப்படும் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை நீடிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள். எனவே சர்வரின் அருகில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் ஒரு தாளை ஒட்டுங்கள். எங்கள் வீட்டுத் தாளில் இருப்பது இவ்வளவே: முன்பக்கப் பொத்தானை ஒரு முறை அழுத்தி விட்டுவிடவும், அழுத்திப் பிடிக்க வேண்டாம், பச்சை விளக்கு அணையும்வரை காத்திருக்கவும், இரண்டு நிமிடம் ஆகலாம், அதன் பிறகே சுவிட்சை அணைக்கவும், இடி மின்னல் இருந்தால் பிளக்கையும் பிடுங்கவும், மீண்டும் தொடங்கும்போது முதலில் ரவுட்டர், ஐந்து நிமிடம் கழித்து சர்வர். அம்மா இதைப் பார்த்து மூன்று முறை தனியாகவே அணைத்து ஏற்றியிருக்கிறார்.

ஒன்பதாம் படி: மீட்டுப் பார்ப்பது

மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில் என்ற விதி பலரும் அறிந்ததே. சென்னைவாசிகள் அதில் வெளியிடம் என்பதை வெளியூர் என்று கொள்ள வேண்டும். வேளச்சேரியில் ஒன்றும் பள்ளிக்கரணையில் ஒன்றும் வைத்தால், ஒரே மழை இரண்டையும் நனைத்துவிடும். என் வெளிநகல் திருச்சியில் அக்கா வீட்டில் இருக்கிறது. ரெஸ்டிக் என்ற காப்புநகல் மென்பொருள் கொண்டு மறையாக்கம் செய்து அனுப்புகிறேன். அதன் கடவுச்சொல் தொலைந்தால் அந்த நகலைத் திறக்க யாராலும் முடியாது என்பதால்தான் அதுவும் பீரோ உறையில் இருக்கிறது.

ஏடு முடிந்ததும் அதை வேறொருவரிடம் கொடுத்துச் சோதியுங்கள். என் தம்பி கணக்குத் துறையில் இருப்பவன், லினக்ஸ் அறியாதவன். பழைய கணினி ஒன்றையும் அச்சிட்ட பக்கங்களையும் கொடுத்து, படங்களின் சேவையை மட்டும் காப்புநகலிலிருந்து எழுப்பச் சொன்னேன். நான் பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். பத்தாவது நிமிடத்தில் "அண்ணா, வழக்கமான கேபிளைச் செருகவும்னு எழுதியிருக்கியே, எது வழக்கமான கேபிள்?" என்று கேட்டான். அன்று அவன் நின்ற இடங்கள் பதினொன்று. அவற்றில் ஏழில் கட்டளை சரியாகவே இருந்தது. எந்தக் கணினியில், எந்தப் பயனராக, எந்தக் கோப்புறையில் நின்று அதைத் தட்ட வேண்டும் என்பதை நான் எழுதவில்லை. இப்போது ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே அந்த மூன்றும் இருக்கின்றன, கீழே வெற்றி பெற்றால் திரையில் என்ன தெரியும் என்பதும் இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், ஆண்டுதோறும் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கிவிடுங்கள். தாள் நகலைக் கையில் வைத்துக்கொண்டு சர்வரின் முன் உட்கார்ந்து, கேபிள் எண்களையும் டிஸ்க் எண்களையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். வெளிநகலிலிருந்து ஏதேனும் ஒரு கோப்புறையை மீட்டுத் திறந்து பாருங்கள். மாறியவற்றைத் திருத்தி, மேல் மூலையில் தேதியிட்டுப் புதிதாக அச்சிட்டு உறையில் போட்டபின், பழைய தாள்களைக் கிழித்துவிடுங்கள்.